அப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை

ஃப்ரூன்சே
14 நவம்பர் 1976

அன்புத் தம்பி எசெனுக்கு,

அக்கா ஜிபார் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் அப்பாவும் சுகம். உன் காதும் மூக்கும் மகதான் குளிரில் உதிர்ந்துவிடாமல் முகத்தோடுதான் இருக்கின்றனவா என்று இரண்டு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவாய்? இதோடு மூன்று கடிதம் போட்டாயிற்று. கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடக்கிறது.

அப்பா உன் பள்ளிக்கூடத்துப் பூமி உருண்டையைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து ஜன்னலோரம் வைத்திருக்கிறார். என் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல் எடுத்து, ஒரு நுனியை நம் ஊரில் விரலால் அழுத்திக்கொண்டு, மறுநுனியை உன் மகதான் வரை இழுத்து, "ஒரு சாண்கூட இல்ல. இதுக்கு எதுக்கு ரெண்டு நாள் ஆகுது?" என்று தினமும் என்னோடு வழக்கு. விமான டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிற பாவத்துக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஐயாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் அப்பா, நூல் மாதிரி நேராக ஒரு விமானமும் பறப்பதில்லை, நோவோசிபிர்ஸ்க்கில் ஒரு தடவை, யாகுத்ஸ்க்கில் ஒரு தடவை இறங்கி மாற வேண்டும், வானத்தில் பத்து மணி நேரம், மிச்சமெல்லாம் பெஞ்சில் என்றேன். "பெஞ்சில உக்காந்திருக்கிறத ஏன் பிரயாணத்துல சேக்குறே?" என்கிறார். முப்பது வருடம் ஓஷ் மலைப்பாதையில் லாரி ஓட்டிய மனிதர் அல்லவா, தூரத்தைத் தேநீரில்தான் அளப்பார். ஓஷ் நாலு தேநீர் தூரமாம். நீ எத்தனை தேநீர் என்று கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

நாலு கோடையாக நீ வரவில்லை. கோடையில் டிக்கெட் இல்லை, குளிரில் விடுப்பு இல்லை என்கிறாய். பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஜூன் பிறந்தால் வடக்கே இருக்கிறவன் எல்லாம் ஒரே நேரத்தில் தெற்கே ஓடி வருகிறான், எனக்குத் தெரியாதா? வரிசையில்லாமல் டிக்கெட் வாங்க ஒரே ஒரு வழிதான் உண்டு. மருத்துவர் முத்திரை வைத்த தந்தி வேண்டும், அதில் இன்னார் இறந்துவிட்டார் என்று எழுதியிருக்க வேண்டும். அதைப் பார்த்தால் வேலையிடத்திலும் மறுபேச்சு பேச மாட்டார்கள். தினம் இரண்டு பேராவது அந்தக் காகிதத்தோடு என் ஜன்னலில் வந்து நிற்கிறார்கள்.

இதை ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அப்பா மெல்லுவதை நிறுத்தினார். "அப்ப என்னைச் சாகடிச்சிடு" என்றார். கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். உன் அத்தான் சிரிக்கிறார். இந்த வீட்டில் எனக்கு ஒருத்தரும் துணை இல்லை.

பதில் எழுது.

அக்கா ஜிபார்

❖

மகதான்
6 டிசம்பர் 1976

என் அருமை அக்காவுக்கு,

காது இரண்டும் இருக்கின்றன, அதனால் உன் திட்டு இங்கே வரை நன்றாகக் கேட்டது. மூக்கைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மார்ச்சில்தான் தெரியும்.

இங்கே கராஜில் லாரிகளின் எஞ்சினை அணைப்பதே இல்லை. அணைத்தால் வசந்தம் வரை அது கல். நான் அவற்றுக்குத் தாதி வேலை பார்க்கிறேன். அப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

நீ சொன்ன தந்தி வழி எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் அறையில் பாவ்லோ என்று ஒருவன், உக்ரேன்காரன். அவனுடைய பாட்டி இதுவரை இரண்டு தரம் இறந்திருக்கிறாள். ஊருக்குப் போய் அவளோடு உட்கார்ந்து பன்றிக்கொழுப்பு தின்றுவிட்டு வருகிறான். ஆனால் நமக்கு அது எப்படி ஒத்துவரும் அக்கா? நம் கிர்கிஸ் ஆட்களில் யாராவது சாவைக் காகிதத்தில் எழுதி அனுப்புவார்களா? அம்மா போனபோது நான் பட்டாளத்தில் இருந்தேன். "அம்மாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை, வந்து போ" என்றுதானே தந்தி வந்தது. அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லைப் பார்த்ததும் முகாம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நல்ல வேளை, எங்கள் அதிகாரி கஸாக், அவர்களுக்கும் இதே வழக்கம். தந்தியைப் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அன்றே கிளம்பி வந்து என் கையால் ஒரு பிடி மண் போட்டேன்.

அதனால் அப்பாவிடம் இப்படிச் சொல். இறந்துவிட்டார் என்று தந்தி வந்தால் அவர் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார் என்று அர்த்தம், சிரித்துக்கொண்டே வருவேன். கொஞ்சம் சரியில்லை என்று வந்தால் மட்டும்தான் ஓடி வருவேன்.

பூமி உருண்டையில் கம்சட்கா பக்கத்தில் ஒரு கீறல் இருக்கும். அது நான் பேனாக்கத்தியால் போட்டது. பத்து வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன், நீ அடி வாங்கியதற்கு மன்னித்துக்கொள்.

உன் தம்பி
எசென்

❖

ஃப்ரூன்சே
20 பிப்ரவரி 1977

எசெனுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியது என் புத்திகெட்ட வேலை. மனிதருக்கு இப்போது வேறு பேச்சே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம், ரொட்டிக் கடையில், டாக்சி ஸ்டாண்டில் எல்லாம், "இந்தக் கோடையில சாகப் போறேன், என் மகன் வர்றான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். வாயால் அழைத்தால் அது காது கேட்காத மாதிரி இருக்குமா எசென்? சாவதற்குக்கூட நாம் 'திரும்பிவிட்டார்' என்றுதானே சொல்வோம். இவர் என்னடாவென்றால் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விளையாடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விமான நிலையத்துக்குப் போகிறார். அங்கே இறங்குகிற வாசலுக்கு எதிரே ஒரு பெஞ்சு. நோவோசிபிர்ஸ்க் விமானம் இறங்கும் வரை அதில் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் பிடித்து வந்துவிடுகிறார். எதற்கு என்றால், "வழி பழகிக்கறேன்" என்கிறார். வீட்டுக்கு வந்ததும் நூலை எடுத்து உருண்டையில் வைத்துக்கொண்டு, "எங்க வரைக்கும் வந்துட்டான்?" என்று என்னைக் கேட்பார். நீ கிளம்பவே இல்லை, எங்கே வருவது?

நான் அந்தத் தந்தி கொடுக்க மாட்டேன். கொடுக்கவே மாட்டேன். நீ முறையாக விடுப்பு எடுத்து வா.

கீழே அவரே எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடுங்குகிறார்.

ஜிபார்

எசென், அப்பா எழுதுறேன். உங்க அக்கா பயந்தாங்கொள்ளி. நான் ஜூலையில, நம்ம முத்தத்து பாதாமிப் பழம் பழுக்குற சமயத்துல செத்துடலாம்னு இருக்கேன். மரம் இந்த வருஷம் நல்லா காய்க்கும், உனக்கும் புடிக்கும். நீ சும்மா உள்ள வந்துடக் கூடாது. வாசல்ல நின்னு முறைப்படி குரல் குடுத்து அழணும். நான் உள்ள உக்காந்து கேப்பேன், சரியா அழுறியா இல்லையான்னு. தப்பா அழுதே, எழுந்து வந்து ரெண்டு வைப்பேன். அசனாலி.

❖

மகதான்
2 மே 1977

அக்காவுக்கும், சாகத் தயாராக இருக்கும் அப்பாவுக்கும் வணக்கம்.

விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். தலைமை மெக்கானிக் படித்துவிட்டு, "அக்டோபர்" என்றார். ஜூலையில் தரக்கூடாதா என்றேன். "யாராவது செத்தாங்களா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பா, அழுகைப் பயிற்சி நடக்கிறது. கராஜில் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு தரம் குரல் கொடுத்துப் பார்த்தேன். பாவ்லோ தீயணைப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

பாதாமி பழுக்கட்டும், பார்ப்போம்.

எசென்

❖

தந்தி
ஃப்ரூன்சே, 4 ஜூலை 1977
மருத்துவர் சான்றுடன்

அப்பா இறந்துவிட்டார். உடனே புறப்படு. ஜிபார்.

❖

ஃப்ரூன்சே
18 ஆகஸ்ட் 1977

எசென்,

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்துவிட்டது. நீ இல்லை. உறவுக்காரர்கள் கேட்டார்கள், தூரம் என்று சொன்னேன். தூரத்தைப் பற்றி யாரும் என்னிடம் எதிர்க்கேள்வி கேட்பதில்லை, அது என் தொழில்.

நீ வந்து மூன்றாம் நாளே யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டாய். எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. அடக்கி வைத்தால் வெடித்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அன்று காலை அப்பா பாதாமி மரத்தடியில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "ஒரு கூடை பறிச்சு வைக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். நான் செருப்பு மாட்டித் திரும்புவதற்குள் தரையில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே போய்விட்டார். சாய்ந்துகூட விழவில்லை.

தந்தி அலுவலகத்துக்குத் தொக்தோசுன் சித்தப்பாவும் என்னோடு வந்தார். "கொஞ்சம் சரியில்லன்னு எழுதும்மா. சாவை யாராவது இப்படி மொட்டையா எழுதுவாங்களா?" என்றார். நான்தான், "அப்படி எழுதினா அங்க டிக்கெட் தர மாட்டாங்க சித்தப்பா, நான் தினம் பாக்குறேன்" என்றேன். நம் விளையாட்டுப் பேச்சு அப்போது என் நினைவிலேயே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். நீ முதல் விமானத்தில் ஏறிவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. கவுண்ட்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து பழகின கை, அந்தச் சொல்லை எழுதிவிட்டது.

புதன்கிழமை மதியம் வரை உனக்காக வைத்திருந்தோம். வெயில் கொளுத்தியது. பெரியவர்கள் இனி முடியாது என்றார்கள். எல்லோரும் மண் போட்ட பிறகு சித்தப்பா ஒரு தேநீர்க் கிண்ணத்தில் அந்த மண்ணை அள்ளி எடுத்து வந்து, "இது எசெனோட பங்கு, வந்து போடட்டும்" என்று என்னிடம் கொடுத்தார்.

நீ வெள்ளிக்கிழமை வந்தாய். முற்றத்தில் சாவுக்குப் போடுகிற கம்பளிக் கூடாரம் நிற்கிறது, ஆண்கள் கம்பு ஊன்றி நிற்கிறார்கள், நீ வாசலிலேயே குனிந்து, "என் அப்பாவே, என் மலையே" என்று குரலெடுத்தாய். அப்படி ஒரு குரல். அத்தனை ஆண்களும் பதிலுக்குக் குரல் கொடுத்து அழுதார்கள். மகன் என்றால் இவன் என்று இன்றைக்கும் தெருவில் பேசுகிறார்கள். நான் கூடாரத்திலிருந்து ஓடி வந்தேன். நீ தலையை நிமிர்த்தி, என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

வேறு யாரும் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன். பிறகு, துக்கத்தில் நானே நகத்தால் கீறிக்கொண்ட என் கன்னத்தை நீ பார்த்ததையும், உன் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே முகத்தில் நின்றதையும் பார்த்தேன்.

உன் பையைப் பிரித்தேன். புகைபோட்ட மீன், சிவப்பு மீன்முட்டை, நோவோசிபிர்ஸ்க் கடைச் சீட்டோடு ஒரு கைக்கடிகாரம். நாங்கள் இங்கே பனிக்கட்டி வைத்து அப்பாவைக் காத்துக்கொண்டிருந்தபோது நீ கடை சுற்றியிருக்கிறாய். உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வருகிறது, என்ன செய்ய?

ஆனால் அந்தக் கிண்ணத்தை நீ தொட மறுத்தது ஏன்? கல்லறைக்கு வரவே மாட்டேன் என்றது ஏன்? அதற்காவது பதில் எழுது.

ஜிபார்

❖

ஃப்ரூன்சே
25 நவம்பர் 1977

எசென்,

நீ பதில் எழுதவில்லை. கோபத்தில் எழுதிவிட்டேன் என்று நினைத்துக்கொள். கோபம் இப்போது இல்லை, பயம்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை தவறாமல் எண்ணெய் காய்ச்சி மாவுருண்டை பொரிக்கிறேன். போனவர்களுக்கு அந்த வாசனைதானே சாப்பாடு. பொரித்து முடித்து அடுப்பை அணைத்ததும் வீடு அமைதியாகும் பார், அப்போது ஜன்னல் பக்கமிருந்து, "எங்க வரைக்கும் வந்துட்டான்?" என்று கேட்கிறது. காதில் விழுகிற குரல் இல்லை. ஆனால் கேட்கிறது. முதல் தடவை உன் அத்தானைக் கூப்பிட்டுச் சொன்னேன். "உனக்குத் தூக்கம் பத்தல" என்றார். போன வாரம் அவரே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

உன் கைக்கடிகாரம் உருண்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீ அதை மகதான் நேரத்துக்கு வைத்திருந்தாய், எங்களைவிட ஐந்து மணி நேரம் முன்னால். நான் தினம் காலையில் சாவி கொடுக்கிறேன். நிறுத்திவிடலாம் என்றால் கை வரவில்லை. மண் கிண்ணமும் அங்கேதான், மேலே துணி கட்டி வைத்திருக்கிறேன்.

விமான நிலையத்தில் தரை துடைக்கிற அம்மாள் ஒருத்தி, என் கவுண்ட்டருக்கு வந்து, "உங்க அப்பா இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல, தினமும் வந்து உக்காந்துடுறாரே, வீட்டுல எதாவது சண்டையா?" என்று கேட்டாள். அவளுக்கு அப்பா போனது தெரியாது. வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட கிழவர்கள் இந்த ஊரில் ஆயிரம் பேர், வேறு யாரையாவது பார்த்திருப்பாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் அன்று வேலை முடிந்ததும் போனேன். பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். வெளியே பனி, கதவு திறந்து மூடித் திறந்து மூடி உள்ளே ஒரே குளிர். பெஞ்சில் ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தது எசென். நோவோசிபிர்ஸ்க் விமானம் இறங்கும் வரை எழுந்திருக்க முடியவில்லை. இறங்கினவர்கள் முகத்தை எல்லாம் பார்த்தேன்.

சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கடைசிப் பிடி மண்ணு விழலையே, அவன் எப்படிப் போவான்?" என்றார்.

எனக்கு நீ கடிதம் எழுத வேண்டாம், அவருக்காக வா.

உன் அக்கா
ஜிபார்

❖

மகதான்
19 ஜனவரி 1978

அக்கா,

உன் இரண்டு கடிதமும் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. பதில் எழுத உட்காருவேன், 'அன்புள்ள அக்கா' என்று எழுதியதும் நீ பார்த்த என் முகம் கண்முன் வந்து நிற்கும், எழுந்துவிடுவேன். இன்று பாவ்லோ பேனாவைக் கையில் திணித்துவிட்டு, முடித்தால்தான் கதவைத் திறப்பேன் என்று வெளியே போயிருக்கிறான்.

தந்தி வந்தபோது கராஜே எழுந்து நின்றது. தலைமை மெக்கானிக் என்னைக் கட்டிக்கொண்டார். நான் முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளுக்குள் சிரித்தேன். கிழவர் சொன்னபடியே செய்துவிட்டார், பாதாமிக்குச் சரியாகச் செத்துவிட்டார் என்று நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

இனி நான் சொல்வதை நீ யாரிடமும் சொல்லாதே. வழி முழுக்க நான் அப்பாவோடு பேசிக்கொண்டு வந்தேன். யாகுத்ஸ்க் பெஞ்சில் மூடுபனிக்காக இரவெல்லாம் உட்கார வைத்தார்கள். அங்கேதான் தொடங்கியது. "என்னப்பா, சாவு எப்படி இருக்கு?" என்றேன் மனதுக்குள். "இடம் பரவாயில்ல, தேநீர்தான் ஆறிப் போச்சு" என்றார். நான் கற்பனை செய்யவில்லை அக்கா. எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. ஏன் நாலு வருடம் வரவில்லை என்று கேட்டார், உண்மையைச் சொன்னேன். டிக்கெட்டும் விடுப்பும் மட்டும் காரணம் இல்லை, அம்மா இல்லாத வீட்டுக்குள் நுழையப் பயமாக இருந்தது என்றேன். "எனக்கும்தாண்டா, அதான் ஞாயித்துக்கிழமை வெளிய போயிடுறேன்" என்றார். உயிரோடு இருந்தபோது நாங்கள் இருவரும் இப்படி ஒரு நாளும் பேசியதில்லை. நோவோசிபிர்ஸ்க்கில் கடிகாரம் வாங்கியதுகூட அவர் கேட்டுத்தான். மகதானில் இப்போது மணி என்ன, இப்போது மணி என்ன என்று தொணதொணத்துக்கொண்டே வந்தார்.

அப்போது அவர் கூடாரத்தில் கிடந்தார். நீங்கள் பனிக்கட்டி வைத்துக்கொண்டிருந்தீர்கள். அப்படியானால் என்னோடு பேசினது யார்?

வாசலில் கூடாரத்தைப் பார்த்தபோதும் எனக்கு உறைக்கவில்லை. அப்பா ரொம்பத்தான் நாடகம் போடுகிறார் என்று நினைத்தேன். அவர் உள்ளே உட்கார்ந்து கேட்கப் போகிறார் என்றுதான் அவ்வளவு சத்தமாக அழுதேன்.

மண் கிண்ணத்தை ஏன் தொடவில்லை என்று கேட்கிறாய். நீங்கள் எல்லோரும் அவரைப் புதைத்துவிட்டீர்கள். நான் புதைக்கவில்லை. என்னோடு அவர் இன்னும் பேசுகிறார், கராஜில், எஞ்சின் சத்தத்துக்கு நடுவில், தினமும். அந்தப் பிடி மண்ணைப் போட்டால் பேச்சு நின்றுவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. என்னால் முடியாது. என்னைக் கூப்பிடாதே.

எசென்

❖

ஃப்ரூன்சே
11 ஜூன் 1978

என் கண்ணான தம்பிக்கு,

உன் கடிதத்தை ஐந்து மாதமாக வைத்திருக்கிறேன். உன் அத்தானுக்குக்கூடக் காட்டவில்லை. நீ எனக்கு எழுதாமல் இருந்ததற்கு இது சரிக்குச் சரி ஆயிற்று.

உன்னோடு பேசினது யார் என்று கேட்டாய். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் நான் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். எங்களுக்கு அப்பா திங்கட்கிழமை காலையில் போய்விட்டார். உனக்கு வெள்ளிக்கிழமை வரை இருந்தார். பூமி உருண்டை முழுக்க அவர் உயிரோடு இருந்த ஒரே இடம் நீதான். மனிதர் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டதில் என்ன ஆச்சரியம்? நான் இதற்காகப் பொறாமைப்பட்டேன் என்றுகூடச் சொல்வேன். என்னிடம் "ஒரு கூடை பறிச்சு வைக்கிறேன்" என்பதோடு முடித்துக்கொண்டார்.

ஆனால் எசென், அவர் உன்னிடம் பேசுகிறார் என்றால் இங்கே வந்து ஏன் கேட்கிறார்? "எங்க வரைக்கும் வந்துட்டான்" என்று வாராவாரம் என்னை ஏன் கேட்கிறார்? அங்கே ஒரு கால், இங்கே ஒரு கால். நாம் சாவைத் திரும்புவது என்கிறோம். அவர் இன்னும் திரும்பவில்லை, நடுவழியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். முப்பது வருடம் லாரியில் உட்கார்ந்து முதுகு போன மனிதர். இன்னும் எத்தனை நாள் உட்கார வைப்பாய்? மண் போட்டால் பேச்சு நின்றுவிடும் என்கிறாய். நின்றுவிடும்தான். நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். நிற்கட்டும் தம்பி. நாம் இருவரும் பேசிக்கொள்வோம்.

போன வருடம் நான் ஒரு தந்தி கொடுத்தேன். அது டிக்கெட்டுக்காக எழுதினது, உனக்காக எழுதினது இல்லை. நம் ஆட்கள் எழுதுகிற மாதிரி நான் எழுதவில்லை. சித்தப்பா சொன்னது என் காதில் ஏறவில்லை. உனக்கு வர வேண்டிய தந்தி இன்னும் வரவே இல்லை, அதனால்தான் நீயும் இன்னும் கிளம்பவில்லை.

மரத்தில் பாதாமி மஞ்சள் தட்டத் தொடங்கிவிட்டது. இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும் சமயம் பார்த்து ஒரு தந்தி கொடுக்கப் போகிறேன். அதில் மருத்துவர் முத்திரை இருக்காது. அதைக் காட்டினால் எந்த ஜன்னலிலும் உனக்கு டிக்கெட் தர மாட்டார்கள், தருவது சட்டமும் இல்லை, என் ஜன்னலாக இருந்தால் நானே தர மாட்டேன். பார்த்துக்கொள்.

உன் அக்கா
ஜிபார்

❖

தந்தி
ஃப்ரூன்சே, 26 ஜூன் 1978

அப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை. வந்து போ. ஜிபார்.

❖

நோவோசிபிர்ஸ்க், விமான நிலையம்
2 ஜூலை 1978

அக்கா,

இந்தக் கடிதத்தை முந்தின விமானத்தில் போகிற நம் ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். உன் கவுண்ட்டரில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் இடம் கிடைக்கவில்லை, அடுத்ததில் வருகிறேன்.

தந்தியைக் கராஜ் வாசலில் வைத்துப் பிரித்தேன். 'கொஞ்சம்' என்று இருந்தது. எனக்கு எல்லாம் தெரியும், கல்லறை தெரியும், கிண்ணம் தெரியும், நீ தந்தி கொடுப்பாய் என்று எழுதினதும் தெரியும். தெரிந்தும் அதற்கு மேல் படிக்கவில்லை. லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். ஒரு வருடமாக அழாததை எல்லாம் அழுதேன். பாவ்லோ வாளியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை.

தலைமை மெக்கானிக் தந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் அப்பா போன வருஷமே செத்துட்டாரே" என்றார். ஆமாம் என்றேன். "இப்ப உடம்பு சரியில்லயா?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டிக்கெட் ஜன்னலில் இருந்த பெண் நீ சொன்னபடிதான். "உடம்பு கொஞ்சம் சரியில்லைங்கிறது ஒரு காரணமா? வரிசைக்குப் போங்க" என்றாள். உன்னை நினைத்துக்கொண்டேன், சண்டை போடவில்லை. வரிசைக்குப் போனேன். யாராவது வராமல் போனால் உண்டு என்று பெஞ்சில் காத்திருந்து, மகதானில் ஒரு பெஞ்சு, யாகுத்ஸ்க்கில் ஒரு பெஞ்சு, இப்போது இங்கே. பெஞ்சைப் பிரயாணத்தில் சேர்க்கக் கூடாது என்பாரே அப்பா, சேர்க்கத்தான் வேண்டும். இந்தத் தடவை நான் வந்ததெல்லாம் பெஞ்சில்தான்.

வழியில் அவர் பேசவில்லை. யாகுத்ஸ்க்கில் நானே இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். பக்கத்தில்தான் இருக்கிறார் என்று தோன்றியது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. நான் ஏறுகிறேனா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தார் போல.

கிண்ணத்தின் துணியை அவிழ்த்து வை. கடிகாரத்துக்கு நாளைக்குச் சாவி கொடுக்காதே. சித்தப்பாவை வரச் சொல். வாசலிலிருந்தே குரல் கொடுப்பேன், சரியாக அழுகிறேனா என்று அப்பா உள்ளே உட்கார்ந்து கேட்கட்டும். நீ மட்டும் வாசலுக்கு வா. வந்து என் முகத்தைப் பார்.

எசென்